பட்டறையில் கை தானாகப் போய் எடுக்கும் கருவி எது?

#1 கரிக்கை

வணக்கம். வீட்டுக்குப் பின்னாடி ஒரு ஷெட்டை ஒழிச்சு வச்சிருக்கேன், 3 மீட்டருக்கு 4 மீட்டர். பெருசா ஒண்ணும் இல்ல. ஸ்டாண்டு, ஷெல்ஃப், கேட் தாழ்ப்பாள், வண்டிக்கு ஏதாச்சும் பிராக்கெட், இந்த மாதிரி எம்.எஸ். (மைல்டு ஸ்டீல்) வேலைதான். வெல்டிங் செட் இருக்கு, ஆங்கிள் கிரைண்டர் ஒண்ணு இருக்கு. அடுத்து 355 மி.மீ. சாப் சா, அதான் சுத்துற வீலை மேலேர்ந்து இறக்கி வெட்டுற மெஷின், வாங்கணும்னு பட்டியல்ல முதல்ல எழுதி வச்சிருக்கேன்.

பட்டியல் போடுறது சுலபம். நான் கேக்குறது வேற. பத்து வருஷம் பட்டறையில நின்னவங்களுக்கு ஏதாச்சும் ஒரு கருவி இருக்கும், யோசிக்காமலே கை அங்க போயிடும். அது எது? கைக்கருவி ஒண்ணு, கரண்டுல ஓடுறது ஒண்ணு சொல்லுங்க. ஏன்னும் சொல்லுங்க. "எல்லாமே முக்கியம் தம்பி"ன்னு மட்டும் யாரும் எழுதிடாதீங்க.

#2 அரமும் நானும்

தம்பி, என் பேரைப் பார்த்தாலே பதில் தெரிந்திருக்கும்.

300 மி.மீ. தட்டை அரம், பாஸ்டர்ட் வெட்டு, அதாவது பல் கொஞ்சம் கரடாக இருப்பது. ஃபிட்டர் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் மேஸ்திரி ஒரு இரும்புக் கட்டியைக் கையில் கொடுத்தார். ஆறு முகமும் மூலமட்டத்துக்கு (90 டிகிரி பார்க்கும் கருவி) நிற்கணும் என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனவர், மூன்று வாரம் கழித்துத்தான் அதைப் பற்றி வாயைத் திறந்தார். உள்ளங்கை கொப்புளம் உடைந்து, காய்ந்து, தோல் தடித்த பிறகுதான் அரம் என்ன சொல்கிறது என்று எனக்குக் கேட்க ஆரம்பித்தது.

அரம் தள்ளும்போதுதான் வெட்டும். திரும்ப இழுக்கும்போதும் அழுத்துகிறவர்கள் பல்லைத் தானே மழுக்கிக்கொள்கிறார்கள். தள்ள ஆரம்பிக்கும்போது எடை முன்கையில் இருக்கணும், போகப் போகப் பின்கைக்கு மாறணும். அந்த மாற்றம் பழகாதவரை அரம் தராசு மாதிரி ஆடும், முகம் வயிறு தள்ளிக்கொண்டு நிற்கும்.

இன்னும் சில விஷயம். புது அரத்தை முதலில் பித்தளையில் ஓட்டு, கூர் கொஞ்சம் தணிந்த பிறகு இரும்புக்கு எடு. இரும்பில் தேய்ந்த அரம் பித்தளையில் வழுக்கும், அதனால் வரிசையைத் திருப்பாதே. ரோலிங்கில் வந்த கருப்புத் தோலை அரத்தால் எடுக்கவே எடுக்காதே, அது பல்லைத் தின்றுவிடும். அதுக்கு கிரைண்டர் இருக்கிறது. அலுமினியம் ராவும்போது அரத்தில் சுண்ணக்கட்டியைப் பூசிக்கொண்டால் அரப்பொடி பல்லுக்குள் அடைக்காது. அடைத்த ஒரு துணுக்கு போதும், முகம் முழுக்கக் கீறல் விழுந்துவிடும். பிடி போடாத அரத்தை யாராவது நீட்டினால் வாங்காதே. அரம் எங்காவது முட்டி நின்றால் வால் நேராக உள்ளங்கைக்குள் போகும்.

கரண்டில் ஓடுவது என்றால் பெஞ்ச் டிரில். அதைப் பற்றி வேறு யாராவது எழுதட்டும், கை வலிக்கிறது.

#3 பொறி பறக்க

ஐயா எழுதினதுக்கு ஒரு கும்பிடு. ஆனா 20 ஸ்டாண்டு வெல்டிங்கை அரத்தால ராவி முடிக்கிறதுக்குள்ள கஸ்டமரோட பையனுக்குக் கல்யாணம் ஆயிடும்.

ஆங்கிள் கிரைண்டர்தான். சந்தேகமே இல்ல. வெட்டும், தேய்க்கும், துரு எடுக்கும், பெயின்ட் உரிக்கும், வெல்டிங் பள்ளத்தைத் தோண்டும், பாலிஷும் போடும். ஒரே மோட்டாருக்கு இத்தனை வேலை தெரிஞ்ச வேற கருவி இருந்தா சொல்லுங்க. 1954ல ஜெர்மனியில ஃபிளெக்ஸ் கம்பெனி கொண்டுவந்தது இது. அங்க இன்னைக்கும் ஆங்கிள் கிரைண்டரையே "ஃபிளெக்ஸ்"னுதான் சொல்வாங்க.

கரிக்கை தம்பிக்கு என் யோசனை: சாப் சாவை விடு, இன்னும் ரெண்டு கிரைண்டர் வாங்கு. ஒண்ணுல 1 மி.மீ. கட்டிங் வீல், ஒண்ணுல ஃபிளாப் டிஸ்க் (உப்புத்தாள் மடல் அடுக்கின தேய்க்கிற வீல்), ஒண்ணுல ஒயர் பிரஷ். ஒவ்வொரு தடவையும் ஸ்பேனரைத் தேடி வீல் மாத்துற எரிச்சல்லதான் ஆளுங்க கட்டிங் வீலாலயே தேய்க்கிறாங்க, ஃபிளாப் டிஸ்காலயே வெட்டப் பாக்குறாங்க. 125 மி.மீ. எடு. கையை எடுத்தா நிக்கிற பேடில் சுவிட்ச் இருக்கிறதாப் பாரு.

கைக்கருவி? சுத்தியல். பால்பீன் (ஒரு பக்கம் உருண்டைத் தலை), அரைக் கிலோ. போதும்.

#4 சாணைக்கல்

ரெண்டு பேரும் வேலையை எதுல பிடிச்சிருக்கீங்க? வைஸ். அடுத்த கேள்வி.

#5 அரமும் நானும்

@சாணைக்கல் ஒத்துக்கொள்கிறேன். அது சுவர் மாதிரி ஆகிவிட்டது, கருவி என்றே தோன்றாமல் போய்விட்டது.

#6 இருபது டிகிரி

நான் டூல்ரூமில் இருக்கிறேன், அதனால் என் பதில் கொஞ்சம் வேறு மாதிரி இருக்கும். கைக்கருவி: 0–25 மி.மீ. வரை அளக்கும் மைக்ரோமீட்டர். கரண்டில் ஓடுவது: எதுவுமில்லை, என் டேபிள் விளக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

டிஜிட்டல் கேலிபர் எல்லோரிடமும் இருக்கிறது, என்னிடமும் இருக்கிறது. வேகமாகப் பார்க்க அது போதும். ஆனால் கேலிபரின் தாடை கொஞ்சம் அழுத்தினாலே சாயும். அளவுகோல் ஒரு கோட்டில் இருக்கிறது, வேலை வேறு கோட்டில் இருக்கிறது. மைக்ரோமீட்டரில் இரண்டும் ஒரே கோடு. திருகு ஒரு சுற்றுக்கு 0.5 மி.மீ. நகரும், உருளையில் 50 கோடு, ஆக ஒரு கோடு 0.01. ராட்செட் மூன்று தடவை "கிடிக்" என்றால் நிறுத்திவிட வேண்டும். கேலிபரில் அந்த அழுத்தம் ஒவ்வொருவர் கட்டைவிரலுக்கும் ஒவ்வொன்று.

ஒரு முறை லேத்தில் 50 மி.மீ. ஷாஃப்ட் ஒன்றைக் கடைந்து, கையில் சூடு தெரியும்போதே அளந்து, சரியாக வந்துவிட்டது என்று கழற்றிவிட்டேன். மறுநாள் காலை பேரிங் லொடலொட என்று ஆடியது. ஸ்டீல் ஒரு மீட்டருக்கு ஒரு டிகிரிக்குச் சுமார் 11.5 மைக்ரான் (மி.மீ.யில் ஆயிரத்தில் ஒரு பங்கு) நீளும். என் ஷாஃப்ட் 50 டிகிரியில் இருந்திருந்தால், அளவுக்கெல்லாம் அடிப்படையாக வைத்திருக்கும் 20க்கு வந்ததும் 0.017 மி.மீ. சுருங்கியிருக்கும். அந்த அளவுக்கு எச்6 ஃபிட் (அளவு எவ்வளவு மாறலாம் என்ற வரையறை) என்றால் விட்டிருக்கும் மொத்த இடமே 0.016தான். அளந்ததில் தப்பு இல்லை, அளந்த நேரம்தான் தப்பு.

கேட், கிரில் வேலைக்கு இதெல்லாம் வேண்டாம். உங்களுக்கு நான் சொல்வது காம்பினேஷன் ஸ்கொயர். 90, 45, ஆழம், ஓரத்துக்கு இணையாகக் கோடு இழுப்பது எல்லாம் அந்த ஒன்றே செய்துவிடும். ஸ்டாரெட் 1880ல் கம்பெனி ஆரம்பித்ததே அதை விற்கத்தான். வாங்கும்போது ஒரு தகட்டின் நேர் ஓரத்தில் வைத்து ஒரு கோடு போடுங்கள், திருப்பி வைத்து அதே இடத்தில் இன்னொரு கோடு. இரண்டும் ஒன்றாக விழவில்லை என்றால் அங்கேயே வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.

#7 பொறி பறக்க

அக்கா, பேரு ஏன் இருபது டிகிரின்னு இப்பத்தான் புரியுது. நான் கோணம்னு நெனச்சுட்டிருந்தேன்.

#8 கரிக்கை

ஆளாளுக்கு ஒண்ணு சொல்றீங்க, நல்லாத்தான் இருக்கு. வைஸ் என்கிட்ட இல்ல, இதுவரை ஜி-கிளாம்ப் போட்டு ஓட்டிட்டிருந்தேன். பட்டியல்ல ஏத்திட்டேன். ஆனா சாப் சாவை ஏன் விடச் சொல்றீங்க? நேரா வெட்டுறதுக்கு வேற என்ன வழி?

#9 ரம்பப்பல்

இதுக்காகத்தான் காத்திட்டிருந்தேன்.

உரசி வெட்டுற சாப் சா நானும் ஆறு வருஷம் வச்சிருந்தேன். 355 வீல் 3800 சுத்துல ஓடினா ஓரம் நொடிக்கு 70 மீட்டர் போகுது. அது வெட்டுறதுன்னு சொல்றதை விட உருக்கித் தள்ளுறதுன்னு சொல்லலாம். பொறி ஷெட்டோட அந்த மூலை வரைக்கும் போகும். உன் ஷெட் 4 மீட்டர்தான், பெயின்ட் டப்பாவும் எண்ணெய்த் துணியும் எங்க வைப்பே? வெட்டின முனையில அரை மி.மீ. பிசிறு தொங்கும், நீலம் பூத்திருக்கும். வீல் ஒரு பக்கமா வளைஞ்சு போறதால கனமான துண்டுல வெட்டு கோணலா இறங்கும். கரும்பொடி மூக்குக்குள்ள, பல்லுக்குள்ள, அடுத்த நாள் காலையில தலையணையில.

ஒரு தடவை பழைய லீஃப் ஸ்பிரிங் துண்டை அதுல வெட்டி, ஓரத்துலேர்ந்து 6 மி.மீ. தள்ளி ஓட்டை போடப் போனேன். நல்ல பிட், கீச்சுன்னு ஒரே சத்தம், முனை வழவழன்னு போயிடுச்சு. வெட்டுன சூட்டுல அந்த ஓரம் பதம் ஏறிக் கெட்டியாயிருந்தது. மைல்டு ஸ்டீல்ல இவ்வளவு ஆகாது, ஆனா கார்பன் கொஞ்சம் கூடுதலா இருந்தாப் போதும்.

அப்புறம்தான் சின்ன பேண்ட் சா, பெல்ட் மாதிரி பிளேடு ஓடுற ரம்பம், வாங்கினேன். அது நிமிஷத்துக்கு 30 மீட்டர் பக்கம் போகுது. நொடிக்கு இல்ல, நிமிஷத்துக்கு. ராடை மாட்டி, கையைத் தட்டிட்டு அடுத்த வேலையைப் பாக்கப் போயிடலாம். வெட்டி முடிச்சதும் தானா நின்னுடும். துண்டை வெறுங்கையால எடுக்கலாம். பைமெட்டல் பிளேடு போடு. ஒரு விதி மட்டும் மறக்காதே: எப்பவும் மூணு பல்லாவது வேலை மேல இருக்கணும். 2 மி.மீ. சுவர் உள்ள பைப்புல இன்ச்சுக்கு 10 பல் பிளேடை இறக்கினா பல் ஒவ்வொண்ணா கொட்டிடும். ஹாக்சாவுக்கும் இதே கணக்குதான். கட்டி ராடுன்னா இன்ச்சுக்கு 18, சாதாரண வேலைக்கு 24, மெல்லிசு டியூபுக்கு 32.

#10 பொறி பறக்க

பேண்ட் சா ஒரு பைப்பை வெட்டி முடிக்கிறதுக்குள்ள நான் பத்து வெட்டிடுவேன். எனக்கு வேலை 25க்கு 25 ஸ்கொயர் டியூப், நாள் பூரா. சூடு, பிசிறு எல்லாம் வெல்டிங்குல போயிடும்.

#11 ரம்பப்பல்

நீ சொல்றது சரி, உன் வேலைக்கு அதுதான். தம்பிக்கு வாரத்துக்கு நாலு வெட்டு. அவரு பக்கத்துல நிக்கவே வேணாம்.

#12 ஓரமா நில்லு

பொறி பறக்க சொன்னதுல ஒரு வரி அப்படியே கடந்து போச்சு, "கட்டிங் வீலாலயே தேய்க்கிறாங்க". அதைப் பண்ணின ஆள் நான்தான்.

1 மி.மீ. வீல். ஒரு ஆங்கிள் முனையில கொஞ்சமா பிசிறு இருந்தது. வீல் மாத்த சோம்பல். பக்கவாட்டுல லேசா ஒத்துனேன், அவ்வளவுதான். பட்டுன்னு சத்தம் வந்தப்போ எனக்கு ஒண்ணுமே புரியல. வீல்ல பாதி இல்ல. வீலை மூடியிருக்கிற கார்டு கழட்டாம இருந்ததால ஒரு துண்டு கார்டை வளைச்சிட்டு சுவத்துல போய்க் குத்தி நின்னுச்சு. இன்னொரு துண்டு கன்னத்துல, ஃபேஸ் ஷீல்டு மேல. ஷீல்டுல இருந்த அந்த வெள்ளைக் கோட்டை இன்னும் மாத்தாம வச்சிருக்கேன். கட்டிங் வீல் ஓரத்துல வர்ற விசைக்குத்தான் செஞ்சது, பக்கத்துல தள்ளினா அப்பளம்.

வீல் மேல எழுதியிருக்கிறதைப் படிங்க. இந்த வீல்கள் நொடிக்கு 80 மீட்டருக்குச் செஞ்சது. அதனாலதான் 125க்கு 12,200 சுத்து, 230க்கு 6,600ன்னு போட்டிருப்பான். எனக்குத் தெரிஞ்ச ஒருத்தர் 230 வீலை கார்டைக் கழட்டிட்டு சின்ன கிரைண்டர்ல மாட்டினார், "பெருசுன்னா ஆழமா வெட்டும்"னு. அந்த மெஷின் 11,000 சுத்து. கணக்குப் போட்டா ஓரம் நொடிக்கு 130 மீட்டருக்கு மேல. நான் கதவுப் பக்கமா போயிட்டேன், அவரும் நல்லவேளையா சுவிட்ச் போடல.

நடுவுல இருக்கிற இரும்பு வளையத்துல மாசமும் வருஷமும் அடிச்சிருக்கும், அதுவரைக்கும்தான் அந்த வீல். ஈரத்துல கிடந்தா அதுக்கு முன்னாடியே போயிடும். கப் பிரஷ் போட்டா கம்பி ஊசி மாதிரி பறந்து துணியில குத்தி நிக்கும், அதுக்கும் ஷீல்டு வேணும், வெறும் கண்ணாடி போதாது.

நீங்க கேட்ட கருவி: ஃபேஸ் ஷீல்டு. கரண்டுல ஓடாது, மன்னிச்சுக்கோங்க.

#13 சாணைக்கல்

அதோட பெஞ்ச் கிரைண்டரையும் சேத்துக்கோங்க. ரெஸ்டுக்கும் கல்லுக்கும் இடையில 3 மி.மீ.க்கு மேல இருந்தா வேலையை உள்ள இழுத்துக்கும். புதுக் கல்லை மாட்டுறதுக்கு முன்னாடி விரல்ல தொங்கவிட்டு மரக்கட்டையால தட்டிப் பாருங்க, கணீர்னா நல்லது, தொப்புன்னா விரிசல். அலுமினியத்தை அதுல தேய்க்காதீங்க. கல்லோட கண் அடைச்சு, சூடேறி வெடிக்கலாம். இரும்புப் பொடியும் அலுமினியப் பொடியும் ஒண்ணாச் சேந்து கிடக்குறதும் நல்லதில்ல, பத்தினா இரும்பையே உருக்குற தெர்மைட் அந்த சாதிதான்.

#14 கரிக்கை

இதையெல்லாம் படிச்சுட்டு இன்னைக்கு என் கிரைண்டர் வீலைக் கழட்டிப் பாத்தேன். தேதி போன வருஷமே முடிஞ்சுபோச்சு. குப்பையில போட்டுட்டேன்.

இன்னொரு சந்தேகம். 5 மி.மீ. எஸ்.எஸ். (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) தகட்டுல 10 மி.மீ. ஓட்டை போடப் போய் மூணு பிட்டு காலி. ஹேண்ட் டிரில்தான், ஃபுல் ஸ்பீடு. பிட்டு மட்டமா, நான் மட்டமா?

#15 அரமும் நானும்

வேகம் மட்டம். பிட்டு பாவம்.

மைல்டு ஸ்டீலுக்கு ஒரு சாதாரணக் கணக்கு: 8000ஐ பிட்டின் மி.மீ. அளவால் வகு. 10 மி.மீ. பிட் என்றால் 800 சுற்று. எஸ்.எஸ்.க்கு அதில் பாதிக்கும் கீழே, 300, 350. உன் ஹேண்ட் டிரில் ஃபுல் ஸ்பீடில் 2500ஐத் தாண்டியிருக்கும். எஸ்.எஸ்.க்கு இன்னொரு குணம் உள்ளது. பிட் வெட்டாமல் உரசிக்கொண்டே நின்றால் அந்த இடம் கெட்டிப்பட்டுவிடும், பிறகு எந்தப் பிட்டும் ஏறாது. மெதுவாகச் சுற்றணும், நன்றாக அழுத்தணும், சீவல் வந்துகொண்டே இருக்கணும். சீவல் நின்றால் நீயும் நிறுத்து. கட்டிங் ஆயில் விடு. கோபால்ட் கலந்த எம்35 பிட் வாங்கினால் கொஞ்சம் மன்னிக்கும், ஆனால் அதுவும் வேகத்தை மன்னிக்காது. முதலில் 4 மி.மீ.யில் ஒரு வழி போட்டுக்கொள்.

பிட்டைத் தூக்கிப் போட்டுவிட்டாயா? சாணை பிடிக்கக் கற்றுக்கொள். இரண்டு உதடும் (முனையில் வெட்டும் ஓரங்கள்) ஒரே நீளம், ஒரே கோணம், 118 டிகிரி. இரண்டு ஆறுமுனை நட்டை விளிம்போடு விளிம்பு ஒட்டவைத்தால் இடையில் வரும் பள்ளம் 120, அதில் முனையை வைத்து வெளிச்சத்தில் பார்த்தாலே தெரியும். உதட்டுக்குப் பின்பக்கம் தாழ்ந்திருக்கணும். இல்லையென்றால் பிட்டின் குதிகால்தான் உரசும், உதடு தொடாது. சரியாகப் பிடித்த பிட் எப்படித் தெரியுமா? ஓட்டையின் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இரண்டு சுருள், சேர்ந்தே ஏறி வரும். ஒரு பக்கம் சுருளும் இன்னொரு பக்கம் தூளும் வந்தால் ஒரு உதடுதான் வேலை செய்கிறது, ஓட்டையும் பெரிதாகப் போகும். எனக்கு இந்த வயதிலும் அந்த இரண்டு சுருளைப் பார்த்தால் ஒரு சந்தோஷம்.

பித்தளைக்கு இதே பிட்டை எடுக்காதே. திருகாணி மாதிரி உள்ளே இழுத்துக்கொண்டு போகும். உதட்டின் கூரைக் கல்லால் லேசாகத் தட்டையாக்கி ஒரு பிட்டைத் தனியாக வை.

#16 ரம்பப்பல்

வேலையை கிளாம்ப் பண்ணு, இதையும் சேத்து எழுதிக்கோ. ஓட்டை அந்தப் பக்கம் திறக்குற நொடியில பிட் கவ்வும், தகடு ஹெலிகாப்டர் மாதிரி சுத்தும். மெல்லிசுத் தகட்டுக்கு ட்விஸ்ட் பிட்டே வேணாம், படிப்படியா அகலமாகுற ஸ்டெப் டிரில் போடு, ஓட்டை வட்டமா வரும்.

#17 பொறி பறக்க

கையுறை போட்டுக்கிட்டா தகடு சுத்தினாலும் கை கிழியாதுல்ல?

#18 ஓரமா நில்லு

பெஞ்ச் டிரில், லேத்து கிட்ட கையுறை வேண்டவே வேண்டாம். வெறுங்கையில சீவல் பட்டா கீறும். கையுறை நூல் சிக்குச்சுன்னா கையையே சுருட்டிடும். கிரைண்டருக்கும் வெல்டிங்குக்கும் தோல் கையுறை போடு. சுத்துற பிட் பக்கத்துல எதுவும் தொங்கக் கூடாது. முழுக்கை சட்டை, கழுத்துல துண்டு, எதுவும்.

#19 பொறி பறக்க

சரி, வாபஸ்.

#20 லேத்து வாசகன்

இழையை இன்னைக்குத்தான் பாக்குறேன். யாருமே டேப்பைப் பத்தி, ஓட்டைக்குள்ள மரை வெட்டுற டேப்பைப் பத்தி எழுதலையே. பட்டறையில எனக்குக் கண்ணீர் வர வச்ச ஒரே கருவி அதுதான்.

எம்6 டேப். எட்டு ஓட்டை உள்ள ஒரு பிளேட், ஏழு முடிஞ்சாச்சு. எட்டாவதுல "இன்னும் ஒரு அரைச் சுத்து"ன்னு நெனச்சேன். டிக். அந்தச் சத்தம் தெரிஞ்சவங்களுக்கு விளக்க வேண்டியதில்ல.

அதுக்கப்புறம் பழக்கம் மாத்திக்கிட்டேன். எம்6க்கு புத்தகத்துல 5.0 மி.மீ. ஓட்டை. அதுல மரையோட ஆழம் சுமார் 77 சதவீதம் வரும். நான் 5.2 போடுறேன், 62 சதவீதம் பக்கம். சாதாரண பிராக்கெட்டுக்கு அது தாராளம், போல்ட் அறுந்தாலும் மரை போகாது. டேப் மேல வர்ற பாரம் நல்லாக் குறையும். அரைச் சுத்து முன்னாடி, கால் சுத்து பின்னாடி, சீவல் உடையுறது கையில தெரியும். டேப்பை நேரா இறக்க, டிரில் சக்குலயே பிடிச்சு கையால சக்கைச் சுத்தி ரெண்டு மூணு மரை ஆரம்பிச்சுக்குவேன். மோட்டார் சுவிட்சைத் தொட மாட்டேன், பிளக்கையே பிடுங்கிடுவேன்.

அலுமினியத்துல கார்பன் ஸ்டீல் டேப் உடைஞ்சா ஒரு பழைய வழி இருக்கு: படிகாரத்தைத் தண்ணியில நிறையக் கரைச்சு, வேலையை அதுல போட்டு சூடா வச்சிருங்க. ஸ்டீலை மெதுவாத் தின்னுடும், அலுமினியம் அப்படியே இருக்கும். பொறுமை வேணும், ஒரு நாள் ரெண்டு நாள் ஆகலாம். இரும்பு வேலையில உடைஞ்சா இந்த வழி கிடையாது, வேலையையும் சேத்துத் தின்னுடும்.

#21 சாணைக்கல்

சின்னச் சாமான் யாரும் சொல்லல. சுழலுற பிளேடு வச்ச பிசிறு சீவி. பேனா அளவுதான். ஓட்டை விளிம்புல ஒரு சுத்து சுத்தினா பிசிறு ஒரே நூலா வரும். சட்டைப் பையை விட்டு இறங்கினதே இல்ல.

#22 ரம்பப்பல்

வைஸ்-கிரிப், பிடிச்ச இடத்துலயே பூட்டிக்கிற குறடு. மூணாவது கை. பூட்டிக்கிட்டு நிக்கிற அந்தக் கைப்பிடிக்கு 1924ல பேட்டன்ட் வாங்கின வில்லியம் பீட்டர்சன் ஒரு கொல்லர்தான். சூடான இரும்பைக் குறட்டுல இறுக்கிப் பிடிச்சே கை ஓய்ஞ்சவனுக்குத்தான் அப்படித் தோணும்னு நெனச்சுப்பேன்.

#23 இருபது டிகிரி

காந்தத்தை பிளாஸ்டிக் பைக்குள் போட்டு பெஞ்சைத் துடைப்பது. இரும்புத் தூள் எல்லாம் பையில் ஒட்டும், குப்பைத் தொட்டிக்கு மேலே பையை உள்வெளியாகத் திருப்பினால் அப்படியே உள்ளே விழும். காந்தத்தில் ஒரு துகள்கூட ஒட்டாது. மைக்ரோமீட்டர் பக்கத்தில் மட்டும் அந்தக் காந்தத்தைக் கொண்டுவராதீர்கள்.

#24 கரிக்கை

அஞ்சு வாரம் கழிச்சு வர்றேன். நடந்ததைச் சொல்லிடறேன்.

சாப் சா வாங்கல. 125 மி.மீ. வைஸ் வாங்கினேன். தாடையோட மேல்பக்கம் முழங்கை உயரத்துக்கு வர்ற மாதிரி பெஞ்சை 6 செ.மீ. ஏத்தினேன், அதுக்கே முதுகு வலி போச்சு. நிலையான தாடை பெஞ்ச் ஓரத்தைத் தாண்டி கொஞ்சம் வெளிய நிக்குது, அதனால நீளமான பைப்பை நெட்டுக்குத்தாப் பிடிக்க முடியுது. அலுமினிய ஆங்கிள்ல ரெண்டு துண்டு வெட்டி மெத்தைத் தாடை செஞ்சேன். பேண்ட் சாவுக்கு சேத்துட்டிருக்கேன், அதுவரைக்கும் ஹாக்சா. 24 பல் பிளேடு, பல் முன்னாடி பாத்து மாட்டினேன் (இதுவரைக்கும் தலைகீழா மாட்டியிருக்கேன், யாரும் சிரிக்காதீங்க).

அப்புறம் ஐயா முதல் பதிவுல சொன்ன அந்தக் கட்டி. 40க்கு 40 எம்.எஸ். துண்டு ஒண்ணு எடுத்தேன். சாயங்காலம் ஒரு மணி நேரம்னு ரெண்டு வாரம். ரெண்டு முகம்தான் முடிஞ்சிருக்கு. கேலிபர்ல மூலைக்கு மூலை 0.08 வித்தியாசம் காட்டுது. அதைவிட, மூலமட்டத்தை வச்சு வெளிச்சத்துக்கு நேரா பிடிச்சா ரெண்டு ஓரத்துலயும் வெளிச்சம் வருது, நடுவுல வரல.

#25 பொறி பறக்க

தலைகீழா மாட்டின கதைக்கு சிரிக்கல. நானும் மாட்டியிருக்கேன்.

#26 அரமும் நானும்

0.08ஐ இப்போது பார்க்காதே. வெளிச்சத்தைப் பார். ஓரத்தில் தெரிகிறது, நடுவில் இல்லை என்றால் நடு மேடு. அரம் ஆடியிருக்கிறது. எனக்கும் முதல் வாரம் முழுக்க அதே மேடுதான்.

தட்டை அரத்தை ஓரமாகப் பிடித்துக் கண்ணோடு ஓட்டிப் பார். முழுக்க நேராக இருக்காது, நடுவில் லேசாக வயிறு இருக்கும். அது உனக்காகத்தான் வைத்திருக்கிறார்கள். அந்த வயிற்றை மேட்டின் மேல் வை, சின்னச் சின்னத் தள்ளு, ஓரம் வரைக்கும் போகாதே. கண்ணாடித் துண்டில் மார்க்கிங் ப்ளூவை மெல்லிசாகத் தடவி, கட்டியை அதில் வைத்து லேசாக நகர்த்து. நீலம் ஒட்டின இடம் மேடு, அங்கே மட்டும் ராவு. மறுபடி வை, மறுபடி பார். நீலம் பரவிக்கொண்டே வரும். கடைசியில் அரத்தைக் குறுக்காகப் பிடித்து, இரண்டு கையாலும் உன் பக்கமாக நீள வாட்டில் இழுத்து முடி. எல்லாக் கோடும் ஒரே திசையில் படுத்துக்கொள்ளும்.

முதல் முகம் தட்டையாகும்வரை இரண்டாவதைத் தொடாதே. மூலமட்டம் வைத்துப் பார்க்க உனக்கு இருக்கும் ஒரே ஆதாரம் அந்த முதல் முகம்தான்.

#27 கரிக்கை

ரெண்டாவதைத் தொட்டுட்டேனே ஐயா.

#28 அரமும் நானும்

40 மி.மீ. இருக்கிறது. 38ல் நின்றாலும் கட்டி கட்டிதான். முதல் முகத்துக்குத் திரும்பிப் போ.